சினை நண்டு வராத கம்பெனி

கோரவலசை,
3-2-2025

என் சூஃபியா ஹசன் அக்காவுக்கு, கோரவலசை ஜோதிகா கும்புட்டு எழுதுறது.

அக்கா, இது என் வாழ்க்கையிலயே முதல் லெட்டர். பள்ளிக்கூடத்துல எழுதுன லீவ் லெட்டரச் சேக்கல, அதுல எல்லாத்துலயும் எனக்குக் காய்ச்சல்.

உங்க ஷார்ட்ஸ் ஒண்ணு விடாம கமெண்ட் போட்டிருக்கேன். "கோரவலசை ஜோ"ன்னு நெருப்பு எமோஜியோட வரும் பாருங்க, அது நான்தான். ஒரு ஹார்ட் கூட வந்ததில்ல. போன வாரம் நீங்களே சொன்னீங்க, "போன்ல வர்றத ஆபீஸ் பாக்கும், தபால்ல வர்றத நான்தான் பிரிப்பேன்"னு. அடுத்த நாளே போஸ்டாபீஸ் போயிட்டேன். அங்கன இருந்த அண்ணன், "ஏம்மா, வாட்ஸப் கெட்டுப் போச்சா?"ன்னு கேட்டாரு. "எங்க அக்காவுக்குத் தபால்தான் பிடிக்கும்"னு கெத்தா சொல்லிட்டு வந்தேன்.

எனக்குப் பத்தொம்பது வயசு. பன்னெண்டாவதோட நிறுத்தியாச்சு. வீடியோ எடிட்டிங் முழுசும் போன்ல பாத்து, போன்லயே கத்துக்கிட்டது. அய்யா நண்டு வலைக்குப் போறாரு. அம்மா பேரு இருளம்மாள். எங்க ஊரு நண்டு ஷெட்டுல கறி எடுக்குது. அவிச்ச நண்ட ஒடச்சு, ஓடு கலக்காம கறிய எடுத்து டப்பாவுல அடைக்கிற வேல. ஷெட்ட நடத்துறது ஏஜெண்ட் நாகேந்திரன் அண்ணன். ஆனா கறி மொத்தமும் உங்க கம்பெனிக்குத்தான் வருது! இருபத்தி மூணு பொம்பளைங்க, எல்லாரும் உங்க ஆளுங்கதான், உங்களுக்கே தெரியாது.

உங்க ஏணி வீடியோவ எத்தன தடவ பாத்தேன்னு தெரியல. மகனே இல்லாத வீட்டுல "ஹசன் அலி அண்ட் சன்ஸ்"னு போர்டு வச்சிருந்தத நீங்க ஏறி "ஹசன் அலி அண்ட் டாட்டர்"னு மாத்துனது. யப்பா! அப்புறம் மதுரையில அவார்டு வாங்கிட்டு மைக்ல சொன்னீங்களே, "சினை நண்டு ஒண்ணு கூட எங்க கம்பெனிக்குள்ள வராது"ன்னு. அதுதான் என் ரிங்டோன். கடல்ல இருந்து அய்யா போன் அடிச்சா எங்க வீட்டுல உங்க கொரல்தான் கேக்கும்.

ஒரு கோபமும் இருக்கு. தீவாளிக்கு முன்னாடி ராமநாதபுரம் வந்து உங்க கேட்டுல ரெண்டு மணி நேரம் நின்னேன். "அப்பாயின்மெண்ட் இருக்கா"ன்னு கேட்டு வெரட்டி விட்டுட்டாங்க. அது போகட்டும். எங்க ஷெட்ட நான் ஒரு வீடியோ எடுக்கணும், நீங்க ஓகே சொல்லணும். நாகேந்திரன் அண்ணன் கம்பெனி சொன்னாத்தான் விடுவேங்குறாரு.

ப்ளீஸ்க்கா.

உங்க நம்பர் ஒன் ஃபேன்
ஜோதிகா


ராமநாதபுரம்,
11-2-2025

அன்புள்ள ஜோதிகாவுக்கு,

அல்லாஹ்வின் அருளால் இங்கே நலம். உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க என் துஆ.

உன் கடிதத்தை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ரிங்டோன் விஷயம் வந்ததும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. "இந்த வீட்டுல உன் பேச்ச யாரும் கேக்க மாட்டேங்கிறோம், அங்கன ஒரு வீட்டுல போன் அடிக்கும்போதெல்லாம் எல்லாரும் கேக்க வேண்டியிருக்கு, பாவம்" என்றார்.

கேட்டில் உன்னை நிறுத்தி வைத்ததற்கு மன்னித்துக்கொள். உன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஏணி வீடியோவில் ஒரு திருத்தம். ஏறியது பெயிண்டர். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெட்டி ஒட்டியதில் நானே ஏறியதுபோல் ஆகிவிட்டது. நானும் அதை மறுக்கவில்லை, நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

வீடியோவைத் தாராளமாக எடு. நாகேந்திரனிடம் சொல்லிவிட்டேன். மார்ச் 18ஆம் தேதி எங்கள் அமெரிக்க வாடிக்கையாளரின் ஆட்கள் வருகிறார்கள். கடலைக் கெடுக்காமல்தான் தொழில் செய்கிறோமா என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழை நம்பித்தான் இந்த வருடம் முழுவதும் ஓட வேண்டும். உன் வீடியோ நன்றாக வந்தால் அவர்களுக்கே காட்டலாம். ஆனால் எதையும் அழகுபடுத்தாதே. நடப்பதை நடக்கிறபடியே எடு.

அம்மாவுக்கு என் சலாம்.

அன்புடன்,
சூஃபியா


கோரவலசை,
26-2-2025

செல்ல அக்காவுக்கு,

நாப்பத்தி ஓராயிரம் வியூஸ்!!! நாப்பத்தி ஓராயிரம்க்கா! என் சேனல்ல இதுவரைக்கும் அதிகமா ஓடுனது எங்க வீட்டு ஆடு குடைய தின்ன வீடியோ, அதுவே ஆயிரத்து எரநூறுதான்.

லிங்க்க லெட்டர்ல எப்படி ஒட்டுறதுன்னு தெரியல. அதான் பென்ட்ரைவ்ல போட்டு கவருக்குள்ள வச்சிருக்கேன்.

எடுக்கும்போது ஒரே சிரிப்பு. முத்தழகு அத்தை, "ஏண்டி, என்னைய எடுக்குறதா இருந்தா முன்னாடியே சொல்ல மாட்டியா? பவுடர் போட்டுட்டு வந்திருப்பேன்ல"ன்னு சண்ட.

"தொப்பிக்கும் மாஸ்க்குக்கும் நடுவுல பவுடர் எங்கத்த தெரியப் போவுது?"

"கண்ணு தெரியும்ல? அதுல பாதி ஊரு விழுந்துச்சு ஒரு காலத்துல."

"விழுந்தது ஒங்க புருசன் மட்டும்தான், அவரும் இன்னும் எந்திரிக்கல"ன்னு கலைச்செல்வி அக்கா சொல்ல, ஷெட்டே குலுங்கிருச்சு. எங்கம்மா மட்டும் தலைய நிமித்தல. அதுக்கு வேலதான் முக்கியம்.

அக்கா, உங்க சொல்லுக்கு எங்க ஷெட்டுல எவ்வளவு மரியாதைன்னு வீடியோவுல பாருங்க. நண்டு வந்து எறங்குன ஒடனே அம்மா பழைய பல்லு பிரஷ்ஷோட ஒக்காந்துரும். நண்டு வயித்து மடலத் தூக்கி, சினையத் தேய்ச்சுத் தேய்ச்சு, ஒரு முட்ட ஒட்டாம எடுக்கும். அதுக்கப்புறம்தான் உங்க செக்கர் சார் வந்து பெட்டிய ஃபோட்டோ எடுப்பாரு. "சினை இருந்தா கறி கெட்டுப் போகும், கம்பெனி எடுக்காது"ன்னு நாகேந்திரன் அண்ணன் ரெண்டு வருசத்துக்கு முன்னாடி சொன்னது. அன்னையில இருந்து எங்க ஷெட்டு பெட்டி ஒண்ணு கூட ரிட்டர்ன் வந்ததில்ல!

அந்த பிரஷ் சீன ஸ்லோமோஷன்ல விட்டு, "சினை நண்டு ஒண்ணு கூட எங்க கம்பெனிக்குள்ள வராது"ன்னு உங்க டயலாக்க மேல போட்டு, மியூசிக்க ஏத்தி விட்டேன். எனக்கே புல்லரிச்சுருச்சு. அம்மாவுக்குக் காட்டுனேன். "நானாடி அது?"ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான் சொல்லுச்சு, ஆனா மூணு தடவ பாத்துச்சு.

அமெரிக்காக்காரங்களுக்குக் காட்டும்போது எனக்குச் சொல்லுங்க.

பறந்துகிட்டே எழுதுறது,
ஜோ


ராமநாதபுரம்,
3-3-2025

ஜோதிகாவுக்கு,

உன் வீடியோவை நேற்று நோன்பு திறந்த பிறகு பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

தயவுசெய்து இன்றே அதை உன் சேனலிலிருந்து நீக்கிவிடு.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சினை நண்டு வேண்டாம் என்று நான் சொன்னது கறிக்காக அல்ல. ஒரு தாய் நண்டின் வயிற்றில் லட்சக்கணக்கில் முட்டை இருக்கும். அது கடலில் பொரிந்தால்தான் வரும் வருடங்களில் உன் அய்யாவின் வலையில் நண்டு விழும். அதைப் பிடிக்காமல் விடவேண்டும் என்பதற்காகத்தான் அந்த விதி. உன் அம்மா பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பது அந்த முட்டையைத்தான்.

கோரவலசை ஷெட்டிலிருந்து சரக்கு எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். 18ஆம் தேதி அவர்கள் வந்து போகும்வரை இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. அவர்கள் கேட்டால், அது எங்கள் ஷெட் இல்லை என்று சொல்வதாக இருக்கிறேன். காகிதத்தில் அது நாகேந்திரனுடையதுதான்.

இதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சூஃபியா


கோரவலசை,
9-3-2025

சூஃபியா ஹசன் மேடத்துக்கு,

லெட்டர் கெடச்ச அன்னைக்கே வீடியோவ டெலீட் பண்ணிட்டேன். நீங்க சொன்னா நான் கேப்பேன்.

ஷெட்டு பூட்டி ஆறு நாளாச்சு. இருபத்தி மூணு பேரும் வீட்டுல. நாகேந்திரன் அண்ணன் பூட்ட மாட்டிட்டு, "இருளம்மா மக சினிமா எடுத்துட்டா, எல்லாரும் போயி தியேட்டர்ல ஒக்காருங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. தண்ணிக் கொழாயில எங்கம்மா கொடத்த வச்சா மத்தவங்க கொடத்த எடுத்துக்கிட்டு நகர்றாங்க. கலைச்செல்வி அக்கா மூஞ்சிய பாக்குறதில்ல. முத்தழகு அத்தை மட்டும் வாசல்ல நின்னு கத்திட்டுப் போச்சு, "ஒன் மகளுக்கு லைக்கு வந்துச்சு, எங்களுக்கு என்னடி வந்துச்சு?"ன்னு. அம்மா ஒண்ணும் சொல்லல. என்னையும் ஒண்ணும் சொல்லல. அதுதான் தாங்க முடியல.

நான் மொதத் தடவ உங்க பெரிய வீடியோ எல்லாத்தையும் ஒக்காந்து பாத்தேன். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஓடுறது. நான் இதுவரைக்கும் பாத்தது ஒரு நிமிச வீடியோதான், அதுல நீங்க நடந்து வருவீங்க, மியூசிக் வரும். பெரிய வீடியோவுல எல்லாத்தையும் நல்லாத்தான் சொல்லியிருக்கீங்க. கடல், முட்ட, அடுத்த தலைமுற. மதுரையில சொன்னீங்க, சென்னையில சொன்னீங்க. கோரவலசையில யாருகிட்ட சொன்னீங்க?

மேடம், வலையில விழும்போது நண்டு சினையோட இருக்கா இல்லையான்னு வலைக்குத் தெரியாது. இந்த சீசன்ல பத்துக்கு ஆறு பொட்ட நண்டு சினையோடதான் வரும். சிக்கெடுத்து கரையில போடும்போதே கால் பிஞ்சிரும், திரும்பத் தண்ணியில போட்டாலும் பொழைக்காதுன்னு அய்யா சொல்றாரு. அத எடுக்க மாட்டேன்னு சொன்னீங்க. சரி. அது எங்க போகணும்னு சொன்னீங்களா? பெட்டியில சினை தெரியக் கூடாதுன்னு மட்டும்தான் எங்களுக்கு வந்துச்சு. தெரியாம பண்ணிக் குடுத்தோம். நீங்களும் சந்தோசமா இருந்தீங்க.

இப்ப அது உங்க ஷெட்டே இல்லைங்கிறீங்க.

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். ஆனா வியாழக்கிழம ஒண்ணு நடந்துச்சு. எங்கயோ வெளிநாட்டுல சினை நண்ட வாளியில வச்சு, காத்து விட்டு, முட்ட பொரிஞ்சு போன பெறகு விக்கிறத ஒரு வீடியோவுல பாத்தேன். அம்மாகிட்ட காட்டுனேன். "கருத்த சினையா இருந்தா ஒரு நாள்ல விட்டுரும், மஞ்ச சினைக்கு வாரம் ஆகும்"னு அது பாட்டுக்குச் சொல்லுது! அதுக்குத் தெரிஞ்சிருக்கு. யாரும் கேக்கல. அய்யா நனஞ்ச சாக்குல சுத்தி ஒரு கருத்த சினை நண்டு கொண்டாந்தாரு. பெயிண்ட் டப்பாவுல கடத்தண்ணி ஊத்தி, கலர் மீன் தொட்டிக்கு வைக்கிற மோட்டார எரவல் வாங்கி மாட்டுனேன். காலையில பாத்தா நண்டு வயிறு சுத்தமா இருக்கு. "தண்ணியெல்லாம் தூசியா கெடக்குடி, ஊத்திரவா?"ன்னு அம்மா கேட்டுச்சு. நான் போன் லைட்ட அடிச்சேன். அந்தத் தூசி மொத்தமும் லைட்ட நோக்கி நீந்தி வந்துச்சு.

அம்மா டப்பா பக்கத்துலயே குத்த வச்சு ஒக்காந்துருச்சு. அப்புறம், "பிரஷ்ஷுல நான் தேய்ச்சது இதையா?"ன்னுச்சு.

டப்பாவ ரெண்டு பேருமா தூக்கிட்டுப் போயி கடல்ல ஊத்துனோம். நான் வீடியோ எடுக்கல.

இருளம்மாள் மக
ஜோதிகா


ராமநாதபுரம்,
20-3-2025

அன்புள்ள ஜோதிகாவுக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் என்னை நியாயப்படுத்தித்தான் எழுதினேன், கிழித்துப் போட்டேன்.

நான் நண்டு வியாபாரியின் மகள். வலையில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒரு சினை நண்டு கூட இல்லாத ஃபோட்டோக்கள் என் மேசைக்கு வந்தன. அது நடக்கவே முடியாத காரியம். எப்படி வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. அந்த ஃபோட்டோக்களைக் காட்டித்தான் அவார்டு வாங்கினேன்.

பதினெட்டாம் தேதி அவர்கள் வந்தார்கள். ஒரு பெண்மணியும் இரண்டு ஆண்களும். ஃபேக்டரியைச் சுற்றிக் காட்டினேன். எல்லாம் சுத்தம், எல்லாம் சரி. கடைசியில் அந்தப் பெண்மணி, "உங்களுக்குச் சரக்கு தரும் எல்லா ஷெட்களும் இந்தப் பட்டியலில் இருக்கின்றனவா?" என்று கேட்டார். நாகேந்திரன் பக்கத்தில் நின்றிருந்தார். "எல்லாம் இருக்குன்னு சொல்லுங்கம்மா, சாயங்காலம் கெளம்பிருவாங்க" என்று என் காதில் சொன்னார். பட்டியலில் கோரவலசையை நானே அடித்து நீக்கியிருந்தேன்.

"ஒரு ஷெட் இதில் இல்லை" என்றேன். பென்ட்ரைவில் நீ அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டினேன். மியூசிக்கோடுதான். பிறகு அந்தப் பெண்மணி, "மற்ற ஷெட்களில்?" என்று கேட்டார். "அங்கேயும் இப்படித்தான் இருக்கும். இதுவரை நான் போய்ப் பார்க்கவில்லை" என்றேன்.

சான்றிதழ் கிடைக்கவில்லை. ஆறு மாதம் கழித்துத் திரும்ப வருவார்களாம். வாடிக்கையாளர் என்ன முடிவு எடுப்பார் என்று தெரியாது. ஃபேக்டரியில் ஒரு ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டேன். வாப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று விடியுமுன் சஹர் உணவின்போது, "பொய்யில ஓட்டுன தொழிலுக்கு நோன்பு எதுக்கு வைக்கணும்? சொன்னது சரிதான். ஆனா இத முன்னாடியே நீ தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

திங்கட்கிழமை ஷெட் திறக்கும். மூடியிருந்த நாட்களின் கூலி என் பொறுப்பு. பூட்ட வைத்தது உன் வீடியோ அல்ல, என் உத்தரவுதான் என்று நாகேந்திரனே வந்து எல்லோர் முன்னாலும் சொல்வார். சொல்லவில்லையென்றால் எனக்கு எழுது. பெருநாள் முடிந்ததும் நானே அங்கே வருகிறேன். உன் அம்மா எனக்குச் சொல்லித்தர வேண்டியது நிறைய இருக்கிறது, சம்மதிப்பார்களா என்று கேட்டுச் சொல்.

உன்னிடமும் அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சூஃபியா


கோரவலசை,
7-4-2025

சூஃபியா அக்காவுக்கு,

மேடம்னு ஆரம்பிச்சு அடிச்சிட்டேன், மேல பாத்தா தெரியும்.

நீங்க சனிக்கிழம வந்துட்டுப் போனீங்க. நடந்தது உங்களுக்கே தெரியும். நீங்க போன பெறகு இவங்க பேசுனது தெரியாதுல்ல, அதுக்குத்தான் இந்த லெட்டர்.

நீங்க கார விட்டு எறங்கும்போதே முத்தழகு அத்தை, "நீங்கதான அந்த டாட்டரு? தொப்பியப் போட்டுக்கிட்டு உள்ள வாங்க, உங்க ரூல்ஸுதான்"னு சொன்னது வேணும்னே சொன்னது. முன்னாடி நாளே பேசி வச்சிருந்தாங்க, யாரும் எந்திரிக்கக் கூடாது, நாற்காலி போடக் கூடாதுன்னு. நீங்க தரையில ஒக்காந்ததும் திட்டமே கொழம்பிப் போச்சு.

அம்மா உங்க கையில நண்டக் குடுத்து, "இது எப்ப விடும், சொல்லுங்க பாப்போம்"னு கேட்டதும், "நாளைக்கு"ன்னு பட்டுனு சொன்னீங்க. அது மஞ்ச சினை! ஷெட்டு முழுக்க சிரிச்சது அதுக்குத்தான். அப்புறம் நண்டு கவ்வுனதும் "யா அல்லா"ன்னு கத்துனீங்களே, அது நான் எடுக்காம விட்ட நல்ல வீடியோ.

நீங்க போன பெறகு கலைச்செல்வி அக்கா சொல்லுச்சு, "கையில ரத்தம் வந்தும் நண்ட கீழ போடல பாத்தியா? நல்ல மனசு."

"மனசுமில்ல, மண்ணுமில்ல. கீழ போட்டா கால் ஒடஞ்சிரும், வெல போயிரும். யாவாரி வீட்டுப் பொண்ணுடி அது"ன்னு அத்தை சொல்லுச்சு. ஆனா சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு.

உங்கள மடக்குன கேள்வி கேட்டதும் அத்தைதான், "சினை விடுற வரைக்கும் நண்டு பட்டினி கெடந்து எளச்சுரும், கறி கொறையும். அது யாரு தலையில விழும்? எங்க தலையிலயா, கடலுக்குப் போறவன் தலையிலயா?"ன்னு. நீங்க "கம்பெனி தலையில"ன்னீங்க. "எழுதிக் குடுங்க"ன்னுச்சு. நீங்க சுவத்துலயே எழுதிக் கையெழுத்துப் போட்டீங்க. இப்ப அந்தச் சுவத்துப் பக்கம் தண்ணி தெறிச்சாக்கூட அத்தை கத்துது. நாகேந்திரன் அண்ணன் அதுக்கு மேல காலண்டர் மாட்டப் பாத்தாரு, ஆணியப் புடுங்கிட்டாங்க.

தண்ணிக் கொழாயில அம்மாவுக்கு இப்ப எடம் விடுறாங்க. அவ்வளவுதான். முன்ன மாரி இன்னும் ஆகல.

தொட்டி எப்ப வரும்?

ஜோதிகா


ராமநாதபுரம்,
12-5-2025

அன்புத் தங்கை ஜோதிகாவுக்கு,

தொட்டிகள் வந்து இறங்கிவிட்டன என்று கேள்விப்பட்டேன். உங்கள் ஷெட்டில் நான்கு. இன்னும் ஆறு ஊர்களில் அடுத்த மாதத்துக்குள், இன்ஷா அல்லாஹ். அந்த ஆறு ஊர்களுக்கும் நானே போய்வந்தேன். ஆறிலும் பிரஷ் இருந்தது. ஒரு ஊரில் பிரஷ்களைக் கழுவி வரிசையாக வெயிலில் காயவைத்திருந்தார்கள்.

வாடிக்கையாளர் பாதி ஆர்டரை நிறுத்திவிட்டார். மீதியை விட்டுவைத்திருக்கிறார். காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அது போதும். இந்த வருடம் லாபம் இருக்காது. வாப்பா கணக்கைப் பார்த்துவிட்டு, "உன் கல்யாணத்துக்கே இதவிடக் கம்மியாத்தான் அழுதேன்" என்றார். ஆனால் தினமும் சாயங்காலம் எத்தனை நண்டு சினை விட்டது என்று கேட்கிறார். நாகேந்திரன் நோட்டில் எழுதி அனுப்புவதை அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்போது உன்னைப் பற்றி. அந்த வீடியோவை எடுத்த கை சாதாரணக் கை அல்ல. அதை நான் உனக்குச் சொல்லவே இல்லை. எங்கள் மீடியா டீமில் உனக்கு வேலை தருகிறேன். ராமநாதபுரத்தில் தங்க இடம், நல்ல கேமரா, சம்பளம். தொட்டியைப் பற்றி, கடலைப் பற்றி, உன் அம்மாவுக்குத் தெரிந்ததைப் பற்றி நீ எடுத்தால் ஊரே பார்க்கும். வாட்ச்மேன் உன் பெயரை இன்னும் வைத்திருக்கிறார். ஜூன் முதல் தேதி வந்துவிடு.

அம்மாவிடம் கேட்டுவிட்டு எழுது. அய்யாவிடமும்.

அன்புடன்,
அக்கா சூஃபியா


கோரவலசை,
19-5-2025

அக்காவுக்கு,

மீடியா டீம்னு படிச்சதும் நான் போட்ட சத்தத்துல அம்மா கரண்டியோட வெளிய ஓடியாந்துருச்சு, பாம்புன்னு நெனச்சு. அய்யா, "ராமநாதபுரம்தான, தெனம் பஸ்ஸு இருக்கு, போ"ன்னுட்டாரு. முத்தழகு அத்தை எனக்குப் பவுடர் வாங்கிக் குடுத்துச்சு. பொட்டியே கட்டிட்டேன்க்கா, பொய் சொல்லல.

ஆனா வரல.

கோபம்னு நெனைக்காதீங்க. ரெண்டு நாளா யோசிச்சேன். உங்க செக்கர் சார் கெட்டவரு இல்ல. எங்ககிட்ட நல்லாத்தான் பேசுவாரு. ஆனா உங்க சம்பளம் வாங்குறாரு, அதனால உங்களுக்குப் பிடிக்கிற ஃபோட்டோவா ரெண்டு வருசம் அனுப்புனாரு. நான் அங்கன வந்தா நானும் அப்படித்தான் எடுப்பேன். என்னைய எனக்குத் தெரியும். நல்ல கேமரா வேற குடுப்பீங்க. உங்கள நடக்க விட்டு, பின்னாடி அலைய விட்டு, மியூசிக்க ஏத்துனா நானே அழுதுருவேன். அப்புறம் எப்படி ஒரு தப்பு கண்ணுல படும்?

நீங்க ஏழு ஊருக்கும் தெனம் வர முடியாது. உங்ககிட்ட சம்பளம் வாங்காத ஒரு ஆளு இங்கன இருக்கணும். இனி மாசம் ஒரு லெட்டர் போடுறேன். தபால்ல வர்றத நீங்கதான பிரிப்பீங்க. எழுத வேண்டியதச் சொல்ல ஷெட்டுல வரிசையில நிக்கிறாங்க. கலைச்செல்வி அக்காவே வந்து ரெண்டு சொல்லுச்சு. கையுறை சைஸ் சின்னது, வெரல் மடக்க முடியல. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பா இல்ல. இது ரெண்டும் அவசரம்.

இன்னொண்ணு அம்மா சொல்லச் சொன்னது. போன வெள்ளிக்கிழம கரண்ட் போயி ரெண்டாம் நம்பர் தொட்டியில மோட்டார் நாலு மணி நேரம் ஓடல. ஜெனரேட்டர்ல டீசல் இல்ல. கருத்த சினையோட இருந்த பதினாலு நண்டும் செத்துப்போச்சு. நாகேந்திரன் அண்ணன் நோட்டுல "பதினாலும் சினை விட்டது"ன்னு எழுதி உங்களுக்கு அனுப்பிட்டாரு. நீங்க அத உங்க வாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டியிருப்பீங்க.

விடல அக்கா. அம்மா கையில எடுத்து ஒவ்வொண்ணா காட்டுச்சு, நான் எண்ணுனேன். உங்க வாப்பாகிட்டயும் சொல்லிருங்க.

ஜோதிகா